ஜொகூர் நீரிணையில் ஒரு நீர்மூழ்கி அதிகாரி



இரண்டாம் உலகப் போர் என்றவுடன் நம் தோட்டப்புறங்களில் நினைவுக்கு வருவது "ஜப்பான்காரன் காலம்" என்னும் சொல்தான். மரவள்ளிக் கிழங்கும் சயாம் மரண ரயிலும் அச்சொல்லோடு ஒட்டிப் பிறந்தவை. நம் பாட்டன்மார் பட்ட பாட்டைப் பேசுவதற்கு எத்தனை உரைகள் இருந்தாலும் போதா. எனினும் அதே காலத்தில், நம் கண்ணுக்குத் தெரிந்த அதே கடலில், நீருக்கு அடியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நம்மில் பலர் அறிந்ததில்லை. ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும்போது நாம் கடக்கிறோமே, அந்த ஜொகூர் நீரிணையில்தான் அது நடந்தது. நாள்: 1945-ஆம் ஆண்டு ஜூலை 31. அதை முன்நின்று நடத்தியவர் இயன் எட்வர்ட் பிரேசர் என்னும் 24 வயது இளைஞர். அவர் வாழ்க்கையையும், அந்த ஒரு நாளையும், அதன் பயன் என்ன என்னும் கேள்வியையும் இன்று ஆராய்வோம்.

பிரேசர் 1920-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், இலண்டனை அடுத்த ஈலிங் என்னும் ஊரில் பிறந்தார். வணிகக் கப்பல் அதிகாரிகளை உருவாக்கும் 'கான்வே' என்னும் பயிற்சிக் கப்பலில் கல்வி பெற்றார். வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்த அவரை 1939-இல் மூண்ட போர் பிரிட்டிஷ் கடற்படையின் சேமப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டது. சேமப் பிரிவு என்பது அமைதிக் காலத்தில் தத்தம் தொழிலைச் செய்துகொண்டு, போர் வந்தால் படையில் சேரும் கடலோடிகளின் பிரிவு. பரம்பரைக் கடற்படைக் குடும்பத்தின் செல்லப் பிள்ளையாக அவர் வரவில்லை. தொழில் கற்று வந்தவர் என்பதை நாம் மனத்தில் கொள்ளவேண்டும்.

முதலில் மேற்பரப்புப் போர்க்கப்பல்களில் பணியாற்றிய அவர், பின்னர் நீர்மூழ்கிப் பிரிவுக்கு மாறினார். மத்தியதரைக் கடலில் 'சாகிப்' என்னும் நீர்மூழ்கியில் அவர் சேவை செய்தார். 1943-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அக்கப்பல் 'யூ-301' என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கியை மூழ்கடித்தது. சாகிப்பில் ஆற்றிய பணிக்காகப் பிரேசருக்குச் 'சிறப்புச் சேவைச் சிலுவை' என்னும் விருது கிடைத்தது. அதன்பின் அவர் சேர்ந்த பிரிவுதான் அவரை நம் கரைக்குக் கொண்டுவந்தது. அது குறுநீர்மூழ்கிப் பிரிவு.

குறுநீர்மூழ்கி என்றால் என்ன? சாதாரண நீர்மூழ்கியில் ஐம்பது பேர்வரை இருப்பர். இதிலோ நான்கே பேர். நீளம் ஏறக்குறைய 53 அடி. எடை 30 டன் அளவு. நெடுநீளமாக ஓர் இரும்புக் குழாய் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உயரமான ஒருவர் அதனுள் நிமிர்ந்து நிற்க முடியாது. நீர்மேல் ஓட ஒரு டீசல் எந்திரம். நீரடியில் ஓட மின்கலத்தால் இயங்கும் மோட்டார். மணிக்கு ஆறு கடல் மைல் அளவே வேகம். டார்பிடோ கிடையாது. இரு பக்கங்களிலும் இரண்டு பெரிய சுமைகள். ஒன்று இரண்டு டன் அளவுள்ள வெடிமருந்துப் பெட்டி. மற்றொன்று, கப்பலின் அடியில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெடிகளைத் தாங்கிய பெட்டி. எதிரிக் கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே போய், இவற்றை வைத்துவிட்டு, சத்தமின்றித் திரும்பிவிடவேண்டும்.

இந்த வகைப் படகில் ஒரு தனி அறை உண்டு. நீர்புகு அறை என்று அதனைச் சொல்லலாம். முக்குளிப்பவர் மூச்சுக் கருவியை அணிந்துகொண்டு அதனுள் நுழைவார். கதவை அடைத்தபின் அறைக்குள் மெல்லமெல்ல நீரை விடுவார்கள். உள்ளேயும் வெளியேயும் நீரின் அழுத்தம் சமமானதும் மேல்மூடியைத் திறந்து அவர் கடலுக்குள் போவார். வேலை முடிந்ததும் அதே வழியில் திரும்புவார். அவர் மூச்சுவிடும்போது குமிழி மேலே வரக்கூடாது. வந்தால் எதிரி கண்டுகொள்வான். ஆகவே, விட்ட மூச்சைச் சுத்தம்செய்து திரும்பப் பயன்படுத்தும் பிராணவாயுக் கருவி கொடுக்கப்பட்டது.

1943-ஆம் ஆண்டு செப்டம்பரில் நார்வே நாட்டுக் கடற்கழியில் கிடந்த 'திர்பிட்ஸ்' என்னும் ஜெர்மானியப் பெருங்கப்பலை இத்தகைய படகுகள் தாக்கிச் செயலிழக்கச் செய்தன. அந்த வெற்றிக்குப் பிறகு, கிழக்கு நாடுகளின் வெப்பத்தைத் தாங்கக் குளிர்சாதன வசதியுடன் புதிய படகுகள் கட்டப்பட்டன. எக்ஸ்.ஈ. வரிசை என்பது அவற்றின் பெயர். அவற்றுள் மூன்றாம் எண் படகுக்குப் பிரேசர் தலைவரானார். 1945-இன் தொடக்கத்தில் 'போனவெஞ்சர்' என்னும் தாய்க்கப்பல் ஆறு படகுகளை ஏற்றிக்கொண்டு பிரிட்டனை விட்டுப் புறப்பட்டு, பனாமா வழியாகப் பசிபிக் கடலைக் கடந்து ஆஸ்திரேலியாவை அடைந்தது.

ஆனால் வந்தவர்களுக்கு வேலை இல்லை! இப்படகுகளுக்கு ஏற்ற பெரிய இலக்குகள் எஞ்சவில்லை என்று கருதப்பட்டது. பிரிவையே கலைத்துவிடும் பேச்சும் எழுந்தது. அதன் தலைவர் கேப்டன் வில்லியம் ஃபெல் விடாமல் மன்றாடினார். கடைசியில் பணி கிடைத்தது. சைகோனுக்கும் ஹாங்காங்கிற்கும் அருகே கடலடித் தந்திக் கம்பிகளை வெட்டும் வேலை இரண்டு படகுகளுக்கு. சிங்கப்பூரில் கிடந்த இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்களைத் தாக்கும் வேலை வேறு இரண்டு படகுகளுக்கு.

அந்தப் போர்க்கப்பல்கள் 'தக்காவோ', 'மியோகோ' என்பவை. 1932-இல் கட்டி முடிக்கப்பட்ட தக்காவோ 200 மீட்டருக்கும் கூடுதலான நீளமுடையது. எட்டு அங்குலப் பீரங்கிகள் பத்தைத் தாங்கியது. 1944 அக்டோபர் 23-ஆம் நாள் பாலவான் தீவருகே அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று அதன் பின்பகுதியைத் தாக்கி நொறுக்கியது. தள்ளாடியபடி சிங்கப்பூர் வந்து சேர்ந்த அக்கப்பல் மீண்டும் கடலோட இயலவில்லை. எனவே ஜப்பானியர் அதனை நீரிணையில் நிறுத்தி, விமானங்களைச் சுடும் மிதக்கும் கோட்டையாக வைத்துக்கொண்டனர். மியோகோவும் அவ்வாறே முடமாகிக் கிடந்தது.

முடமான கப்பலைத் தாக்குவானேன் என்று கேட்கலாம். அப்போது பிரிட்டிஷார் மலாயாவை மீட்க ஒரு பெரும் படையெடுப்பைத் திட்டமிட்டிருந்தனர். சிலாங்கூரின் மோரிப் கடற்கரையும் போர்ட்டிக்சனும் படை இறங்க வேண்டிய இடங்கள். அங்கிருந்து தெற்கே நகர்ந்து சிங்கப்பூரைப் பிடிப்பது திட்டம். அப்படி வரும் படை ஜொகூர் நீரிணையைக் கடக்கும்போது, அங்கேயே நிற்கும் கப்பலின் பீரங்கிகள் என்ன செய்யும்? ஓட முடியாத கப்பலானாலும் சுட முடியும் அல்லவா? அந்தப் பீரங்கிகளுக்கு இருபது கிலோமீட்டர் தூரம் ஒரு பொருட்டே அன்று. ஆகவேதான் தாக்குதலுக்கு உத்தரவு பிறந்தது.

1945 ஜூலை 26-ஆம் நாள் லாபுவானை அடுத்த புருணை விரிகுடாவிலிருந்து பயணம் தொடங்கியது. 'ஸ்டிஜியன்' என்னும் பெரிய நீர்மூழ்கி, பிரேசரின் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. வழியில் படகைக் கவனித்துக்கொள்ள வேறொரு குழு இருந்தது; தாக்குதல் குழு இறுதிக் கட்டத்தில்தான் படகில் ஏறியது. அந்த நால்வர் யார்? தலைவர் பிரேசர். நியூசிலாந்தைச் சேர்ந்த துணை லெப்டினன்ட் வில்லியம் ஸ்மித். எந்திரத்தைக் கவனிக்கச் சார்ல்ஸ் ரீட். முக்குளிப்பவராக, வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் மெகென்னிஸ். மெகென்னிஸ் அதிகாரி அல்லர். சாதாரண மாலுமி வரிசையிலிருந்து வந்தவர்.

ஜூலை 30-ஆம் நாள் இரவு 11 மணிக்குக் கயிறு அவிழ்க்கப்பட்டது. இனி எல்லாம் தம் கையில். போக வேண்டிய தூரம் ஏறக்குறைய நாற்பது மைல். திரும்பவும் அதே அளவு. வழியெங்கும் கண்ணிவெடிகள். ஜப்பானியர் வைத்தவையும் உண்டு. நேசநாட்டு விமானங்கள் போட்டவையும் உண்டு. பாதுகாப்பான கால்வாய் என்று கருதப்பட்ட வழியோரம் நீரடி ஓசையைக் கேட்கும் நிலையங்கள் இருக்கலாம் என்ற ஐயம் பிரேசருக்கு எழுந்தது. அவற்றின் காதில் படாமல் இருக்க, அவர் வேண்டுமென்றே அக்கால்வாயை விட்டு விலகிக் கண்ணிவெடிகள் உள்ள நீருக்குள் படகைச் செலுத்தினார். எந்த ஆபத்து பெரியது, எது சிறியது என்று இருட்டில் நிறுத்துப் பார்த்து எடுத்த முடிவு அது.

விடிந்தது. முற்பகல் பத்தரை மணி அளவில், நீர்மூழ்கிகளைத் தடுக்க நீரிணையின் வாயிலில் போடப்பட்டிருந்த வலைத்தடையை அடைந்தனர். அதன் வாயில் திறந்திருந்தது. பட்டப்பகலில், ஆழம் குறைந்த நீரில், காவல் கப்பலின் அருகாகவே அவர்கள் நுழைந்துபோயினர். மேலிருந்து ஒருவன் உற்றுப் பார்த்திருந்தால் படகின் நிழல் தெரிந்திருக்கக்கூடும்.

பகல் ஒரு மணிக்குச் சற்று முன்பாகப் பெரிஸ்கோப் வழியே தக்காவோ கண்ணில் பட்டது. இதன் பிறகு வந்ததுதான் பெரிய சிக்கல். கப்பலின் முன்பகுதியும் பின்பகுதியும் தரைதட்டிக் கிடந்தன. நடுப்பகுதிக்குக் கீழே மட்டும் படகு நுழையும் அளவுக்குச் சிறிது பள்ளம் இருந்தது. முதல் முயற்சியில் படகு கப்பலின் பக்கத்தில் மோதி நின்றது. பின்வாங்கி மீண்டும் முயன்றார். கடலடிச் சேற்றில் உரசி உரசி, ஏறத்தாழ நாற்பது நிமிடம் போராடியபின், பிற்பகல் மூன்று மணி அளவில் படகு கப்பலின் நடுவயிற்றுக்குக் கீழே போய்ச் சேர்ந்தது.

மெகென்னிஸ் வெளியே போகவேண்டிய நேரம். மேல்மூடி கப்பலின் அடியில் இடித்துக்கொண்டது, முழுதும் திறக்கவில்லை. தம் மூச்சுக் கருவியிலிருந்த காற்றைக் குறைத்து, உடலைச் சுருக்கி, அந்த இடுக்கு வழியே அவர் வெளியேறினார். காந்த வெடியை ஒட்டப்போனால் ஒட்டவில்லை. நெடுநாள் நகராமல் கிடந்த கப்பலின் அடியெங்கும் கொட்டலசும் பாசியும் தடிப்பாக வளர்ந்திருந்தன. கத்தியால் அவற்றைச் சுரண்டி எடுத்தால்தான் இரும்பு தெரியும். அரை மணி நேரம் சுரண்டினார். கைகள் கிழிந்தன. மூச்சுக் கருவியிலோ கசிவு. குமிழிகள் மேலே போய்க்கொண்டிருந்தன. அடிப்பாகம் சரிவாக இருந்ததால், வெடிகளை இரண்டிரண்டாகக் கயிற்றால் இணைத்துக் கட்டவேண்டியதாயிற்று. எளிதான வழி வேண்டும் என்றால் ஒன்றிரண்டை வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர் ஆறு வெடிகளையும் வைத்து முடித்தபிறகே களைத்துப்போய் உள்ளே வந்தார்.

பெரிய வெடிமருந்துப் பெட்டியும் அடியில் விடப்பட்டது. கிளம்பலாம் என்றால் படகு அசையவில்லை. நீர் வற்றும் நேரம். கப்பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப் படகை அழுத்திக்கொண்டிருந்தது. மேலே பல்லாயிரம் டன் இரும்பு. பக்கத்தில் தாங்களே வைத்த வெடி. முன்னும் பின்னுமாக எந்திரத்தை ஓட்டி ஓட்டி, பெரும்பாடுபட்டுப் படகை விடுவித்தனர்.

அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள் இன்னொரு தொல்லை. காந்த வெடிகள் இருந்த பெட்டி படகின் பக்கத்திலிருந்து கழன்று விழாமல் மாட்டிக்கொண்டது. அது தொங்கிக்கொண்டிருந்தால் படகைச் சீராக ஓட்ட முடியாது. யாராவது வெளியே போய்க் கழற்றவேண்டும். மெகென்னிஸ் துவண்டு கிடக்கிறார். வேறொருவர் போனால் என்ன? அந்த வேலையில் தம்மைவிட அனுபவம் குறைந்தவர் போகவேண்டாம் என்று மெகென்னிஸே முன்வந்தார். ஆழம் குறைந்த, தெளிந்த நீர். தக்காவோவிலிருந்து வெகுதூரமும் இல்லை. கையில் ஒரு பெரிய ஸ்பேனருடன் போனவர், ஏழு நிமிடத்தில் அதனை நெம்பித் தள்ளிவிட்டுத் திரும்பினார். பிறகு வந்த வழியே வெளிக்கடலுக்குச் சென்று, காத்திருந்த ஸ்டிஜியனை அடைந்தனர். தாக்குதல் குழுவினர் ஏறக்குறைய இரண்டு நாள் கண்மூடவில்லை.

மியோகோவைத் தாக்கப் போன மற்றொரு படகு காவல் படகுகளால் தாமதமடைந்தது. தன் இலக்கை அடைய நேரமில்லை என்று கண்ட அதன் தலைவர், தம் வெடியையும் தக்காவோவின் அருகிலேயே விட்டுத் திரும்பினார். பிரேசரின் வெடிகள் எந்த நேரமும் வெடிக்கலாம் என்று அறிந்தே அங்கே போனார். இதுவும் சிறிய துணிவு அன்று.

அன்றிரவு ஒன்பதரை மணி அளவில் வெடிகள் வெடித்தன. தக்காவோவின் அடியில் நீண்ட பெரும் பிளவு விழுந்தது. ஆனால் கப்பல் ஏற்கெனவே தரைதட்டிக் கிடந்ததால், அது மூழ்கி மறையவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. வானிலிருந்து எடுத்த படத்தில் எதுவும் நடக்காததுபோல் தெரிந்தது. மீண்டும் ஒருமுறை போகவேண்டும் என்று பிரேசர் குழுவினர் ஆயத்தமாயினர். அதற்குள் ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமாவிலும் 9-இல் நாகசாகியிலும் அணுகுண்டுகள் விழுந்தன. ஆகஸ்டு 15-இல் ஜப்பான் பணிந்தது. செப்டம்பர் 9-ஆம் நாள் மோரிப் கரையில் படைகள் இறங்கியபோது எதிர்த்துச் சுட யாரும் இல்லை. தக்காவோ 1946 அக்டோபரில் மலாக்கா நீரிணைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது.

இங்கேதான் வரலாறு படிப்பவர் ஒரு கேள்வியைச் சந்திக்கிறார். கப்பல் முன்பே முடம். அதில் பீரங்கிக் குண்டுகளும் இருக்கவில்லை என்று பின்னர் தெரியவந்தது. போரோ இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. அப்படியானால் இத்தனை பாடும் வீண்தானே? வகுப்பறையில் இந்நிகழ்ச்சியைச் சொன்னால், கூர்மையான ஒரு மாணவன் இதைக் கேட்கத்தான் செய்வான். கேட்கவும் வேண்டும்.

ஆசிரியர்களாகிய நாங்கள் இதற்குச் சொல்லக்கூடிய விடை இது. ஒரு செயலை, அதைச் செய்தவருக்கு அன்று தெரிந்திருந்ததைக் கொண்டே முதலில் அளக்கவேண்டும். ஜூலை 31-இல் அணுகுண்டு பற்றி அந்த நால்வருக்கு எதுவும் தெரியாது. போர் இன்னும் ஓராண்டு நீளலாம் என்றுதான் பலரும் எண்ணினர். கப்பலில் குண்டு இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியாது. படை இறங்கும் நாளில் அந்தப் பீரங்கிகள் முழங்கியிருந்தால், நீரிணையின் இரு கரையிலும் மாண்டிருப்போரில் படைவீரர் மட்டுமா இருந்திருப்பர்? முடிவு தெரிந்தபின் பழையதை எடைபோடுவது எளிது. அது வரலாற்று அறிவு ஆகாது. அதே வேளையில், விளைவு சிறிதாக இருந்தது என்ற உண்மையையும் மறைக்கக்கூடாது. வீரம் பெரிது, பயன் சிறிது என்று இரண்டையும் ஒருசேரச் சொல்லும் நேர்மை வேண்டும்.

1945 நவம்பரில் பிரேசருக்கும் மெகென்னிசுக்கும் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. ஸ்மித்துக்கும் ரீடுக்கும் வேறு விருதுகள் கிடைத்தன. வெடியைக் கப்பலின் பக்கத்தில் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் அடிவயிற்றுக்குள்ளேயே புகுந்தார் என்பதைப் பிரேசரின் விருதுரை தனித்து எடுத்துக் கூறியது. அதிகாரிக்கும் மாலுமிக்கும் ஒரே விருது என்பது கருதத்தக்கது. அந்தச் சிலுவை பதவி பார்ப்பதில்லை.

ஆனால் வாழ்க்கை பதவி பார்த்தது. பிரேசர் 1947-இல் முழுநேரக் கடற்படைப் பணியிலிருந்து விலகினார். கற்ற முக்குளிப்பையே தொழிலாக்கினார். முதலில் மக்கள் முன் நீரடிக் காட்சிகள் நடத்தினார். பின்னர்த் துறைமுக, கடலடி வேலைகளைச் செய்யும் நிறுவனம் ஒன்றை வளர்த்தார். 1957-இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். மதிப்புக்குரிய குடிமகனாக வாழ்ந்து, 2008 செப்டம்பர் 1-ஆம் நாள் தம் 87-ஆம் வயதில் மறைந்தார்.

மெகென்னிஸ் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் விக்டோரியா சிலுவை பெற்ற வட அயர்லாந்துக்காரர் அவர் ஒருவரே. பெல்பாஸ்ட் மக்கள் ஷில்லிங் ஷில்லிங்காகச் சேர்த்து மூவாயிரம் பவுனுக்கு மேல் அவருக்குக் கொடுத்தனர். நகராட்சியோ நகரின் சிறப்புக் குடியுரிமையை அவருக்கு வழங்கவில்லை. அவர் கத்தோலிக்க ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. நகரிலிருந்த சமயப் பிளவே இதற்குக் காரணம் என்று பலரும் கருதினர். பணம் கரைந்தது. 1952-இல் வறுமையால் தம் சிலுவையை 75 பவுனுக்கு விற்றார். பின்னர் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் மின்தொழிலாளியாக வாழ்ந்து 1986-இல் காலமானார். பெல்பாஸ்ட் நகர மண்டபத்தின் வளாகத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுந்தது 1999-இல். அவர் கண்மூடிப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

நேயர்களே! படகைக் கப்பலுக்கு அடியில் கொண்டுபோனது பிரேசரின் மனவுறுதி. வெடியை வைத்தது மெகென்னிசின் கிழிந்த கை. ஒன்று இல்லாமல் மற்றொன்று இல்லை. பாடநூல்கள் பெரும்பாலும் தலைவர்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. காட்டை அழித்து ரப்பர் நட்டவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும், கையால் உழைத்தவன் பெயர் ஏட்டில் ஏறாமல் போவது எப்படி என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆகவே இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, பிரேசரின் பெயரைச் சொல்லும் அதே மூச்சில் மெகென்னிசின் பெயரையும், ஸ்மித், ரீட் ஆகியோரின் பெயர்களையும் சேர்த்தே சொல்லுவோம். ஜொகூர் நீரிணையைக் கடக்கும்போது, உபின் தீவின் பக்கம் கண்ணை ஓட்டி, இந்த வழியாகத்தான் அந்த நால்வரும் போனார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.